ஒரு வார்த்தை கேக்கலை

கிட்டே வா, கண்ணு. இன்னும் கொஞ்சம் கிட்டே. காலை நீட்டிக்கொள், முதுகுக்கு அந்தத் தலையணையை வைத்துக்கொள். ஒரு சத்தக் கதை சொல்லப் போகிறேன். சத்தம் கதைக்குள்ளேயே இருக்கட்டும், நான் மெதுவாகத்தான் சொல்வேன். சிரிப்பு வந்தால் மட்டும் அடக்காதே.

கண்ணாடிக்காரர் டி.வி.க்குப் பின்னால் முட்டி போட்டபடி தலையை மட்டும் வெளியே நீட்டினார். வாயில் ஸ்க்ரூ டிரைவர், கழுத்தில் மாலை போலக் கறுப்பு வயர். பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர் இரண்டும் காலையிலேயே ஸ்பீக்கர் கடைக்குப் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்து இறங்கியிருந்தது ஹோம் தியேட்டர். டி.வி.க்குக் கீழே நீளமாக ஒரு பெட்டி, ஜன்னலோரம் குட்டி யானை உட்கார்ந்த மாதிரி, அதிர்கிற சத்தத்துக்கென்றே ஒரு ஊஃபர். படத்தில் ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரயிலடியில் நின்று கதாநாயகி எதையோ சொன்னாள். ரயில் போன போக்கில் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர் மனைவி, கைப்பையை இறக்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

"ஒரு வார்த்தை கேக்கலை," என்றாள். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். எதிரே உட்கார்ந்தவர் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவர் பிழைப்பு. கடையைச் சாத்திவிட்டு வந்தால் அவருக்கு ஒரே ஒரு சுகம். சோபாவின் வலது ஓரத்தில் அவர், இடது ஓரத்தில் கணக்கு டீச்சரான மனைவி. சேர்ந்து ஒரு படம். கொலை விழுந்த கையோடு, "அந்த டாக்டர்தான்," என்பாள் அவள். "சீச்சீ, அவன் நல்லவன்," என்பார் இவர். கடைசியில் டாக்டர் கையில் விலங்கு மாட்டுவார்கள். தோற்றுப்போய்ச் சிரிக்கிற அந்தச் சிரிப்பில்தான் அவருடைய நாள் முடியும். அந்த இடது ஓரம் காலியாகக் கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

உடனே ஸ்பீக்கர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"வீட்டுல வசனம் கேக்கலைங்கறாங்க."

"கொஞ்சம்கூடவா சார்?"

"ஒரு வார்த்தைகூட."

ஸ்பீக்கர்காரர் உச்சுக் கொட்டினார். "அப்ப நடுப்பெட்டி போட்டாகணும் சார். வசனத்துக்குன்னே பொறந்த பெட்டி அது."

நடுப்பெட்டி வந்தது. இப்போது கதாநாயகி பேசுவதற்கு முன்னால் மூச்சை இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. சிவப்புப் பேனா எடுக்க டீச்சரம்மா கூடத்துக்கு வந்த சமயம் பார்த்து, ஒலியைக் கூட்டிவிட்டு அவள் முகத்தை முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் ஒருபக்கமாவே நடக்குது," என்றாள் அவள். பேனாவோடு திரும்பிப் போய்விட்டாள்.

கண்ணாடிக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். ஒருபக்கம்! அவளுக்கு எவ்வளவு கூர்மையான காது என்று பெருமையாகக்கூட இருந்தது. வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் ஜன்னல். சத்தம் ஜன்னல் வழியே ஓடிவிடுகிறது என்று ஸ்பீக்கர்காரர் போனிலேயே நோய் கண்டுபிடித்தார். மருந்து, சோபாவை நகர்த்துவது. நகர்த்தினார். சத்தம் நடுவுக்கு வந்தது, சோபா வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து வாசல் கதவு பாதிதான் திறக்கும். வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் புத்தக அலமாரியில் புத்தகம் செருகுகிற மாதிரி பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

கைப்பை, விடைத்தாள் கட்டு, குடை எல்லாவற்றோடும் டீச்சரம்மா அப்படி நுழைந்து நிமிர்ந்தபோது, கணவர் எதிரே ரிமோட்டும் கையுமாக நின்றிருந்தார்.

"இப்ப எப்படி?"

"நான் சொல்றது எங்க காதுல விழுது."

அவர் அதையும் ஒரு எழுத்து பிசகாமல் போனில் ஒப்பித்தார்.

"காதுல விழலைன்னா உயரம் சார், வேற ஒண்ணும் இல்ல," என்றார் ஸ்பீக்கர்காரர். "பெட்டி காது மட்டத்துக்கு வரணும். ஏதாவது முட்டுக் குடுங்க."

அடுப்படியில் இரண்டு ஸ்டூல் இருந்தன. ஒன்றின்மேல் டீச்சரம்மா உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்மா," என்று அவளை எழுப்பி அதையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அன்றைக்குத் திருத்திய தாள்களில் பாதிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் ரொம்பக் குறைவு என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் பேச்சு வந்தது. பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள், சொல்லு.

காது மட்டத்திலும் வேலைக்கு ஆகவில்லை. அவள் வரவே இல்லை. கண்ணாடிக்காரர் தனியாக உட்கார்ந்து கொலைப்படம் பார்த்தார். தோட்டக்காரன்தான் கொலைகாரன் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். மறுத்துப் பேச ஆள் இல்லை. தோட்டக்காரன் இடைவேளைக்கு முன்னாலேயே செத்துப்போனான். அடுப்படியிலிருந்து பேனா கிறுக்கும் சத்தம் மட்டும் வந்தது. எந்தப் பெட்டியும் இல்லாமலே அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது அவருக்கு.

இனி அரைகுறையாகச் செய்வதில் அர்த்தம் இல்லை என்று, பின்பக்கம் வைக்கிற ஜோடி ஸ்பீக்கரையும் வாங்கிவிட்டார். வயரே கிடையாது. பொத்தானை அமுக்கினால் பெரிய பெட்டியோடு தானே ஜோடி சேர்ந்துகொள்ளும் என்று ஸ்பீக்கர்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

பொத்தானை அமுக்கினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மிக மரியாதையாக, "ஜோடி சேரவில்லை," என்றது.

மறுபடி அமுக்கினார். "ஜோடி சேரவில்லை. மீண்டும் முயலவும்."

அடுப்படியிலிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது. "அதுவாவது உண்மையைப் பேசுதே."

ஸ்பீக்கர்காரர் சொன்னபடி போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிக் கொண்டுபோனார், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் டிங் என்று மணி அடித்தது. "ஜோடி சேர்ந்துவிட்டது," என்றது குரல். அவர் ஆசையோடு படத்தைப் போட்டார். மலை வெடித்துச் சிதறியது. சத்தம் இல்லை. கட்டடம் சரிந்தது. பொட்டுச் சத்தம் இல்லை.

பின் அறையிலிருந்து மட்டும் ஐயோ அம்மா என்று ஓர் அலறல்.

அந்த அறையில் அவருடைய மாமனார் இருந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வார். மீதிப் பாதிக்குக் காதுக்குள் வைக்கிற புது மெஷின் ஒன்று உண்டு. அதுவும் வயர் இல்லாமல் ப்ளூடூத்தில் வேலை செய்வது; பெட்டி ஜோடி சேர்ந்தது அதோடுதான். பகல் தூக்கத்தில் இருந்த மனிதர் காதுக்குள் ஒரு மலை வெடித்தால் என்ன செய்வார்? வேட்டியை ஒரு கையிலும் போர்வையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார்.

"மாப்பிள்ளை, வெளிய ஓடுங்க! கட்டடம் விழுது!"

ஓடலாம்தான். வாசலை மறித்துச் சோபா கிடந்ததே. மாமனார் சோபாவுக்கும் கதவுக்கும் நடுவே செருகிக்கொண்டார். பிடித்து இழுத்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, காதிலிருப்பது டி.வி. என்று விளக்குவதற்குள் கண்ணாடிக்காரருக்கு நாக்கு தள்ளிவிட்டது. விளக்கம் புரிந்ததும் மாமனார் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவின் இடது ஓரத்தில் சம்மணம் போட்டுக்கொண்டார். அவர் காதுக்குள் முதல்முறையாக ஒரு படம் முழுசாக ஓடியது. பாட்டு வந்தால் இவர் தலையாட்டுவார்; கண்ணாடிக்காரருக்கு அது ஊமைப் படம்.

ஸ்பீக்கர்காரரே நேரில் வந்து, மாமனார் காதையும் பின்பக்க ஜோடியையும் ஒரே பெட்டிக்குக் கட்டுப்பட வைத்துவிட்டுப் போனார். இப்போது முன்னால் மழை பெய்தால் பின்னால் இடி இடித்தது. மாமனார் மட்டும் இடது ஓரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மழைச் சத்தம் கேட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்க டீச்சரம்மா ஓடிவந்தாள். வெளியே நல்ல வெயில். கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"எல்லாமே என் முதுகுக்குப் பின்னாலதான் நடக்குது," என்றாள்.

கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. ஸ்பீக்கர்காரர் இதே வார்த்தையைத்தானே சொல்லி விற்றார். "உணர முடியுதா? பின்னால நடக்கறது உணர முடியுதா?"

"நல்லா உணர முடியுது."

"அப்ப வந்து உக்காரு. இப்ப வசனம் கேக்குதா பாரு."

"ஒரு வார்த்தை கேக்கலை," என்றாள் அவள். துணி எடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மழையை உணர்கிறாள், இடியை உணர்கிறாள், பேச்சு மட்டும் கேட்கவில்லை. அவள் அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? பெட்டியில் கோளாறே இல்லை. கோளாறு அவள் காதில். பாவம், வெளியே சொல்லிக்கொள்ளாமல் அடுப்படியில் ஒளிந்துகொள்கிறாள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

காது டாக்டரிடம் முறை வாங்கினார். மனைவியிடம் சொன்னால் மனம் நொந்துபோவாள் என்று, மாமாவின் மெஷினைக் காட்டப் போகிறோம், துணைக்கு வா என்று சொல்லிக் கூட்டிப்போனார். அங்கே நர்ஸ் வெளியே வந்து, "டீச்சர் யாரு? உள்ள வாங்கம்மா," என்றதும் அவள் கணவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ஒன்றையும் விடவில்லை அவள். பரிசோதனை செய்த பெண் ஆச்சரியத்தோடு வெளியே வந்து, மெஷின் எழுப்பின சத்தத்துக்கு மட்டும் இல்லை, பக்கத்து அறையில் யாரோ டிபன் டப்பா திறந்ததற்கும் சேர்த்துப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள் என்றாள். இப்படி ஒரு காதைத் தான் பார்த்ததே இல்லை என்று டாக்டர் கைகொடுத்தார்.

திரும்பி வர பஸ் ஏறினார்கள். மாமனார் ஜன்னலோரம், நடுவில் மகள், ஓரத்தில் மாப்பிள்ளை. கண்ணாடிக்காரர் ரிப்போர்ட்டை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "எல்லாம் நல்லாக் கேக்குதுன்னு போட்டிருக்கே," என்றார்.

அவள் நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இதுக்கும் ஒரு வார்த்தை கேக்கலை."

அவர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, எல்லோரும் பக்கவாட்டில் நுழைந்து, அவள் அடுப்படிக்குப் போனதும் மாமனாருக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மாமனார் அப்போதுதான் இடது ஓரத்தில் வசதியாகச் சம்மணம் கூட்டி ரிமோட்டை எடுத்திருந்தார். கண்ணாடிக்காரர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு தெரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். டாக்டரின் மெஷின் சரியில்லை மாமா, நாளைக்கே பெரிய டாக்டராகப் பார்த்து முறை வாங்கிவிடுகிறேன், எத்தனை பெட்டி வாங்கி வைத்தாலும் அவளுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லையே, எனக்கு இந்தச் சோபாவில் உட்காரவே பிடிக்கவில்லை.

மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு டி.வி.யை அணைத்தார். போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மகள் உட்காரும் இடத்தை விட்டு எழுந்தார்.

"செவிடன் நான் சொல்றேன் மாப்பிள்ளை. பொண்ணுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இதையெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி நீங்க அவளை ஒரு வார்த்தை கேக்கலையாம்."

அவ்வளவுதான், கண்ணு. உன் வீட்டில் கேட்கிற காதும் கேட்கிற வாயும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். சோபாவின் இரண்டு ஓரமும் நிறைந்திருக்கட்டும். நன்றாக இரு.