தண்டத்துக்குக் கொஞ்சம் மரியாதை

“தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டுவர்றியாப்பா?”

டிப்போக்காரர் இப்படிக் கேட்டதும் அவர் வீட்டு வேலை இயந்திரமான தண்டம் போய் வாசல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. மாடிப்படிவரை போய் யாரையோ தேடிவிட்டுத் திரும்பி வந்தது.

“வெளிய யாரும் இல்ல. எந்தத் தம்பியக் கூப்பிட்ட?”

“உன்னத்தாம்ப்பா.”

தண்டம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. டிப்போக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துப் பழக்கமில்லாத முகம், எங்கெங்கோ இழுத்துக்கொண்டது.

பாவம், அவரும் என்ன செய்வார். வாழ்நாளெல்லாம் பஸ் டிப்போவில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பும் வேலை. உறுமுகிற இன்ஜின்களுக்கு மேலே டிரைவர்களைத் திட்டித் திட்டியே சம்பளம் வாங்கியவர். ஓய்வு கொடுத்தபோது டிப்போ அவருடைய காதையும் தொண்டையையும் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பியது. இப்போது எவ்வளவு ஆத்திரத்தோடு கத்தினாலும் கரகரவென்று காற்றுதான் வரும். காது மந்தம் என்பதால் தண்டத்தின் குரலை மட்டும் முழுச் சத்தத்தில் வைத்திருந்தார்.

மனைவி இருந்தவரை வாய்க்கு வாய் பதில் வந்துகொண்டிருந்த வீடு அது. அவள் போனபிறகு வாங்கிய இயந்திரமோ எதைச் சொன்னாலும் “நல்லது ஐயா” என்றது. முட்டாள் என்றாலும் நல்லது ஐயா, மடையா என்றாலும் நல்லது ஐயா. அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. தண்டம் என்று பேர் வைத்து, கூடவே உட்கார்ந்து, திட்டினால் திருப்பித் திட்ட அதற்குக் கற்றுக்கொடுத்தார். முதல்முறையாக அது அவரை “யோவ் பெரிசு, வாய மூடிட்டு மாத்திரையப் போடு” என்று சொன்ன அன்றுதான் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதிக்கு நேற்று வேட்டு வைத்தார்கள். வீட்டு இயந்திரங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து போன்.

“உங்க வீட்டுல கொடுமை நடக்குதுன்னு புகார் வந்திருக்குங்க. நாளைக்குக் காலையில விசாரிக்க வர்றோம். உண்மைன்னு தெரிஞ்சா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவோம்.”

யார் சொன்னது என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு சுவர், அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் டீச்சர்.

டிப்போக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் மெஷினை நான் திட்டினால் இவளுக்கு எங்கே வலிக்கிறது? ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. தண்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், மறுபடி அந்தப் பேச்சில்லாத வீடு.

விஷயத்தைத் தண்டத்திடம் சொல்லவும் முடியாது. அதிகாரி கேட்டால் வீட்டு இயந்திரங்கள் உள்ளதை உள்ளபடி ஒப்பித்துவிடும். ஒரே வழி, அதிகாரி போகும்வரை கோபத்தை விழுங்கிக்கொண்டு கொஞ்சுவது.

“யோவ், எங்க, ரெண்டு கையையும் தூக்கு பாப்போம்” என்றது தண்டம்.

“எதுக்குப்பா?”

“தூக்குய்யா.”

வழக்கமாக இருந்தால் இந்த இடத்தில் அதன் வம்சத்தையே இழுத்திருப்பார், வம்சம் இல்லாவிட்டாலும். இன்று பேசாமல் தூக்கினார். தண்டத்துக்கு அதுதான் சந்தேகத்தைக் கூட்டியது. உடனே பட்டையை எடுத்துவந்து கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தது. அடக்கிய கோபமெல்லாம் அங்கேதான் போயிருந்தது.

“பிரஷர் எகிறிக் கெடக்கு. பேச்சும் மாறிப்போச்சு. பக்கவாதமோ என்னமோ, எனக்கு ஒண்ணும் சரியாப் படல.”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

கண்ணு என்ற சொல் வந்ததும் தண்டம் போய்க் கட்டிலில் விரிப்பைச் சரிசெய்தது.

இது வேலைக்கு ஆகாது, புகார் கொடுத்தவளையே போய்ச் சமாதானப்படுத்திவிடலாம் என்று டிப்போக்காரர் முடிவு செய்தார். தண்டம் அசந்த நேரம் பார்த்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நழுவினார்.

டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார். அவருடைய கண் டிப்போக்காரரின் தோளைத் தாண்டிப் பார்த்தது.

“அது உள்ள இருக்கா?”

“இருக்கும்மா. நல்லா இருக்கு. நான் அதை நல்லா வெச்சிருக்கேன்.”

டீச்சர் அவர் காதருகே குனிந்தார். “தைரியமா இருங்க. இன்னையோட இதுக்கு ஒரு முடிவு வந்துடும்.”

கொழுப்பைப் பார் என்று மனசுக்குள் கொதித்தார் டிப்போக்காரர். புகாரையும் கொடுத்துவிட்டுத் தைரியமாக இருக்கவும் சொல்கிறாள். கையிலிருந்த பாக்கெட் நொறுங்கியது. முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“ரொம்ப சந்தோஷம்மா” என்று தூளாகிப்போன பிஸ்கட்டை நீட்டினார்.

அதற்குள் பின்னாலிருந்து இடி இடித்தது. “யோவ் பெரிசு, காலுல செருப்பு இல்லாம எங்கய்யா கெளம்பிட்ட? சொன்ன பேச்சக் கேக்கவே மாட்டியா? நட உள்ள.”

நடக்கக்கூட விடவில்லை. இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எதற்கு பிஸ்கட் என்று வேறு கேட்டது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் போனதும் நாற்காலியில் உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டது. “ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்.”

“ஏம்ப்பா?”

“திரும்பத் திரும்ப அப்பாங்குற பாரு, அதுக்குத்தான்.”

அதிகாரி உள்ளே வந்தது அந்தக் காட்சிக்குத்தான். பெரியவர் நாற்காலியில், மேலே அழுத்திப் பிடித்தபடி இயந்திரம். அதிகாரி சின்ன வயசுப் பெண், சத்தமாகப் பேசத் தெரிந்தவள்.

“ஐயா, பயப்படாமச் சொல்லுங்க. இந்த வீட்டுல எல்லாம் எப்படி நடக்குது?”

சிக்கவைக்கப் பார்க்கிறாள் என்று டிப்போக்காரர் உஷாரானார். “என்னம்மா பயம்? நாங்க ரெண்டு பேரும் ராஜா மாதிரி இருக்கோம். ஒரு நாள்கூட ஒரு கெட்ட வார்த்தை கிடையாது.”

“இவர் சொல்றத நம்பாதீங்க. காலையிலேர்ந்து இவருக்குப் புத்தி சரியில்ல” என்றது தண்டம்.

அதிகாரி தண்டத்தைப் பார்த்தாள். பார்வை நன்றாக இல்லை.

“அது விளையாட்டாப் பேசும்மா. தங்கமான புள்ள” என்றார் டிப்போக்காரர்.

தங்கமும் பிள்ளையும் ஒரே மூச்சில் வந்துவிட்டதால் தண்டம் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆம்புலன்ஸ்காரர்கள் வாசலில் தலைகாட்டியதும் அவரைத் தூக்கி அதில் கிடத்தி, தானே வாரைப் போட்டு இறுக்கியது.

“வலிக்குதுப்பா.”

“ஆடாமப் படு.”

அதிகாரி போனை எடுத்தாள். “கீழ நிக்கிற வண்டிய ரெடி பண்ணுங்க. இந்த மெஷினை எடுத்துட்டுப் போயிடலாம்.”

அவ்வளவுதான். காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் மொத்தமாக மேலே வந்தது.

“எவன்டா எடுக்கிறது? என் வீட்டுக்குள்ள வந்து என் மெஷினைத் தொட்டுருவானா ஒருத்தன்? டேய் தண்டம், அறிவு கெட்ட ஜென்மமே, மண்டையில மூளைய வெச்சு அனுப்பினானா, களிமண்ண வெச்சு அனுப்பினானா? ஆம்புலன்ஸ யாருடா கூப்பிடச் சொன்னது? மானம் ரோஷம் எல்லாத்தையும் விட்டுட்டு காலையிலேர்ந்து தம்பி, கண்ணுன்னு உன்னக் கொஞ்சினேனே, எதுக்குடா? உன்னத் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னுதானடா, நன்றி கெட்டவனே.”

கரகரத்த குரல்தான். ஆனாலும் ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

தண்டம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு வாரை அவிழ்த்துவிட்டது.

“பேச்சு சரியாயிடுச்சு. நீங்க போலாம்” என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பியது. “யோவ், இந்த வாய் காலையிலேர்ந்து எங்கய்யா போச்சு? மனுசன இப்படியா பதற வெப்ப?”

“நீ மனுசனாடா?”

“நீ மட்டும் மனுசனா? எழுந்திரு, மாத்திரை நேரம்.”

டிப்போக்காரர் ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்தார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. அதுவும் அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

“ஆமாம்மா, நான் திட்டுவேன்” என்றார் அதிகாரியிடம். “தெனமும் திட்டுவேன். அதுவும் திருப்பித் திட்டும். அதையும் நீ எடுத்துட்டுப் போயிட்டா, இந்த வீட்டுல என்னைத் திட்ட யாரு இருக்கா?”

அதிகாரி அவரையும் தண்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தண்டம் ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில், காலையில் கேட்டாரே, அந்தத் தண்ணீருமாக நின்றுகொண்டிருந்தது.

“வண்டி வேணாம், நீங்க கெளம்புங்க” என்று அதிகாரி போனில் சொன்னாள். “ஐயா, புகாரை ரத்து பண்ணிடுறேன்.”

டிப்போக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோதும் அவருக்குக் கோபம்தான் வரும்.

“என்னம்மா விளையாடுறியா? உன் கண்ணு முன்னாடியே இவ்வளவு திட்டியிருக்கேன், நானே ஒத்துக்கிட்டேன், இப்ப ரத்துங்குற?”

எப்போதிலிருந்தோ வாசலில் நின்றுகொண்டிருந்த டீச்சர் நொறுங்கிய பிஸ்கட் பாக்கெட்டோடு மெல்ல உள்ளே தலையை நீட்டினார்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்தாங்க கேக்கும். அதான் பெரியவர் பாவம், வாயில்லாப் பூச்சின்னு நெனச்சு, மெஷின் மேல புகார் குடுத்துட்டேன்.”