புறாக் காணியில் நான் கூப்பிட்ட காகங்கள்

கூச்சக்காரர்களால் ஒருவருக்கும் கெடுதல் வராது என்று நினைப்பது பிழை. நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, திறக்கக்கூடாத நேரம் பார்த்துத் திறப்பவர்கள் நாங்கள்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். லண்டனில் பஸ் மணியை அடிக்கக் கூசி, வேறு யாராவது அடிக்கும்வரை காத்திருந்து, இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போய் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் கென்ட் பக்கத்து வயல் ஒன்றின் நட்டநடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்த வயல் என் மருமகன் சிவநேசனுடையது. எங்கள் ஆட்களுக்குக் காணி என்றால் கண் தெரியாது. மலிவாக வருகிறதென்று வாங்கிப்போட்டார். வாங்கிய பிறகுதான் அதில் ஒரு கோழிக்கூடுகூடக் கட்ட ஏலாது என்று கவுன்சில் சொல்லிற்று. வீடு வாங்கச் சேர்த்த காசு முழுவதும் அந்த வயலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் வாடகை வீட்டிலேயே கிடந்தோம். என் மகள் முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறும் ஷிப்ட் எடுத்தாள். காணி விற்றால் அந்த ஷிப்டை விடுவாள். எங்கள் வீட்டில் எல்லோருடைய வேண்டுதலும் அது ஒன்றுதான்.

தரகர் ஒரு வழி சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர் எங்கள் வயலில் கோதுமை விதைத்து வெட்டுகிறவர். வெட்டிய பிறகு சிந்திக் கிடக்கும் மணிக்குக் காட்டுப்புறா இறங்குமாம். அதைச் சுடுவதற்கென்றே இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்களாம். (சுட்டுத் தின்னவும் செய்கிறார்கள். முருகா.) எவ்வளவு புறா இறங்குகிறதோ அவ்வளவுக்குக் காணி விலைபோகும். அதாவது மண்ணுக்கு விலையில்லை, மேலே பறக்கிறதுக்குத்தான் விலை.

புறாவை இறக்குவது எப்படியென்று மருமகன் போனில் படம் பார்த்துப் பார்த்துப் படித்தார். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் டாக்டராகியிருப்பார். மறைந்திருக்க வலை வந்தது. சேற்று நிறத்தில் உடுப்பு வந்தது. ஒரு சாக்கு நிறையப் பிளாஸ்டிக் புறா வந்தது. அதுகளை வயலில் நட்டுவைத்தால், மேலே போகிற புறா தன் இனம் மேய்கிறதென்று நம்பி இறங்குமாம். ஊத்தையாகக் கிடக்கிறதே என்று நான் குளியலறையில் சவர்க்காரம் போடத் தொடங்க, அவர் ஓடிவந்து பறித்தார்.

"கழுவாதேங்கோ மாமி. மினுங்கினால் புறா வராது. அதுக்குச் சரியான கண். கொஞ்சம் நிறம் தெரிஞ்சாலே திரும்பிடும்."

ஓம் என்றேன். விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

வாங்க வருகிறவர் வயதான ஒரு வெள்ளைக்காரர். அவர் சொன்ன நாள் புரட்டாதிச் சனிக்கிழமை. புரட்டாதிச் சனியில் சனீஸ்வரனுடைய காகத்துக்கு எள்ளுச்சோறு வைக்காமல் நான் வாயில் பச்சைத்தண்ணீர் விடமாட்டேன். கோலியர்ஸ் வுட்டில் எங்கே காகம்? பல்கனியில் வைத்தால் கொழுத்த புறாக்கள் வந்து தின்றுவிட்டு எச்சம் போட்டுவிட்டுப் போகும். அதையே காகமாக நினைத்துக்கொள்ளம்மா என்பாள் மகள்.

அன்றும் மகள் ஷிப்டுக்குப் போய்விட்டாள். காணி காட்டிவிட்டு வரும் வழியில் விம்பிள்டன் கோயிலில் என்னை இறக்குவதாக மருமகன் ஏற்றிக்கொண்டு போனார். கோயிலுக்கென்று நான் அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை உடுத்தியிருந்தேன். மடியில் எள்ளுச்சோற்றுப் பெட்டி.

"நான் வந்து சொல்லுமட்டும் காரை விட்டு இறங்காதேங்கோ மாமி."

மருமகனும், அங்கே வந்து நின்ற வெள்ளைக்காரரும், அவருடைய நாயும் வலைக்குள் புகுந்தார்கள். நான் இருந்தேன். மத்தியானமாயிற்று. எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குத் தின்னாவிட்டால் கண் இருட்டும், இருட்டியது. சோறு மடியிலேயே இருக்கிறது, காகம் தின்னாமல் நான் எப்படித் தின்ன? மருமகனுக்குப் போன் எடுத்திருக்கலாம். வெள்ளைக்காரர் பக்கத்தில் இருக்கிறாரே என்று கூச்சம்.

அப்போது வேலியில் ஒரு காகம் வந்து குந்தியது. சுத்தக் கறுப்பு. என்னையே பார்த்தது. சனீஸ்வரன் ஆள் அனுப்பிவிட்டார் என்று இறங்கினேன். சோற்றை வைத்தேன். அதுவும் என்னைப்போல் கூச்சம் பிடித்தது போல, பறந்து தள்ளி இருந்தது. நானும் சோற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இன்னும் தள்ளிப் போயிற்று. இப்படியே போய் நான் வயலின் நடுவுக்கு வந்ததே எனக்குத் தெரியாது. முதலில் மெல்லமாகத்தான் "கா, கா" என்றேன். அது அசையவில்லை. பசி மயக்கத்தில் கையை வீசி வீசிக் கத்தினேன்.

காட்டுப்பக்கமிருந்து பெருங்கூட்டமாகப் புறா இறங்கிக்கொண்டிருந்ததாம். மருமகன் சொல்லித்தான் பிறகு தெரியும். காலை முழுக்க அவர்கள் காத்திருந்த கூட்டம். மஞ்சள் சேலையைக் கண்டதும், உதறிய துணிபோல ஒரே திரும்பல். போய்விட்டது. போன புறாவுக்குப் பதிலாக மரங்களிலிருந்து காகங்கள் வந்தன. பெண்சாதி பிள்ளைகள், சம்பந்திமார் என்று ஊரே திரண்டு வந்தது. சோறு கிடைக்காத ஒன்று பிளாஸ்டிக் புறாவின் தலையில் ஏறியிருந்து கண்ணைக் கொத்தியது.

வலை அசைந்து மருமகன் எழும்பினார். தலையில் வைக்கோல்.

"என்ன மாமி செய்யிறியள்?"

"காகத்துக்கு வைக்காமல் எப்படித் தம்பி சாப்பிடுறது?"

அவர் குனிந்து பிளாஸ்டிக் புறாக்களைப் பொறுக்கத் தொடங்கினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வெள்ளைக்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டு நாயோடு போனார். அதற்குப் பிறகு நான் பெட்டியில் மிஞ்சிய சோற்றைக் காருக்குள் இருந்து சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூடிய வெட்கம்.

பாதி வழியில் தைரியம் எடுத்துக் கேட்டேன். "அவர் என்ன தம்பி சொன்னவர்?"

"காகம் நல்லாய்ச் சேருதாம் மாமி."

புறா சுடுகிறவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் போலிருக்கிறது. பிறகு ஒருவரும் காணி பார்க்க வரவில்லை. தரகரும் போன் எடுப்பதை விட்டுவிட்டார். இப்போது கலியாண வீடுகளில் யாராவது காணி பூமி பற்றிக் கதையெடுத்தால் மருமகன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லுவார்: "கென்ட்டிலை எங்களுக்கும் ஒரு காணி இருக்கு. நல்ல காணி. ஆனால் மாமி போய்க் கூப்பிட்டால்தான் ஆக்கள் வருவினம்."

எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு நிலத்தைப் பார்ப்பேன். மகள் சிரித்தாளா என்று பார்க்க வேண்டிய தேவை எனக்கு வருவதில்லை. கலியாணங்கள் சனி ஞாயிறில்தான் நடக்கின்றன. அவள் ஷிப்டில் இருப்பாள்.