போக்கு டாக்டர்

பி.எச்டி. பண்ணுகிற யாரும் ஆராய்ச்சித் தலைப்பை வீட்டில் தமிழில் சொல்லிவிடக் கூடாது. சொன்னவள் நான்.

தலைப்பு, 'மின்னாளுமை ஆய்வுகளின் போக்கு'. அரசாங்கம் கணினிக்குள் போனதைப் பற்றி உலகத்துப் பேராசிரியர்கள் எழுதித் தள்ளியதை எல்லாம் படித்து, முதலில் இணையதளத்தைப் பற்றி எழுதினார்கள், அப்புறம் செல்போனுக்குத் தாவினார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவில் வந்து விழுந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. (வீட்டில் இ-சேவை மையத்துக்கு அப்பாதான் போவார். எனக்கு ஏது நேரம்? மின்னாளுமை படித்துக்கொண்டிருந்தேனே!)

அப்பாவுக்குத் தலைப்பில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. "பொண்ணு போக்கு பத்தி ஆராய்ச்சி பண்றா, டாக்டராய்டுவா" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன், ஆம்பூரில் எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸே வைத்துவிட்டான். அடித்தவர் 'மின்னாளுமை'யைப் பொடி எழுத்தில் போட்டு, 'போக்கு', 'டாக்டர்' இரண்டையும் சிவப்பில் கொட்டை எழுத்தாக்கியிருந்தார். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய எஸ்தர் அத்தை, அப்பாவின் தங்கை, அதை நின்று படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் வேலூரில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். (யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும்.) இனி ஆய்வாளர்கள் மக்கள் குரலுக்குக் காது கொடுப்பார்கள் என்று கடைசி ஸ்லைடில் முழங்கி முடித்தேன். பொதுமக்கள் கேட்கலாம் என்றார் கைடு. அத்தை எழுந்தார்.

"ஏம்மா, எனக்கு மூணு மாசமா போக்கு நிக்கல. இன்னா சாப்ட்டாலும் போய்டுது. நீ அதுக்குத்தானே டாக்டரு?"

ஹாலே அதிர்ந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அத்தை சொன்ன அடுத்த வாக்கியம் எனக்கு மட்டும்தான் கேட்டது. "ரத்தமும் வருதும்மா."

எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் இதைச் சொல் என்று கைடு உருப்போட வைத்திருந்த ஒன்று, நான் யோசிக்கும் முன் மைக்கில் போய்விட்டது.

"நல்ல கேள்வி. நன்றி."

சிரிப்பு இரட்டிப்பானது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

பிரியாணி வரிசையிலிருந்து அவரைத் தனியே இழுத்துப் போனேன். "இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லலியா அத்தே?"

"ஆம்பள டாக்டருங்ககிட்ட இத எப்டிம்மா சொல்றது, வெக்கமா இருக்காது? நீ டாக்டராகுற வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

எனக்காகக் காத்திருந்திருக்கிறார்! பட்டுப்புடவையோடு அங்கேயே அழுதேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். குடலில் புற்றுநோய். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றார்கள்.

வார்டில் தினமும் ஒரு சின்ன வயசு டாக்டர் வருவார். நேற்று எத்தனை தடவை போச்சு என்று அவர் கேட்டால் அத்தைக்கு வாய் வராது. ஒருநாள் என்னைக் காட்டி, "ஆராய்ச்சி ஜாஸ்திப்பா. அவளக் கேளு, அவதான் அதுல டாக்டரு" என்றார். நர்சுகள் சிரித்தார்கள். இந்த முறை அத்தையும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்கும் வயிற்றுப்போக்கு வருவதில்லை, ஆராய்ச்சிதான் வருகிறது. வாயே திறக்காத அண்ணிகூடப் போன் பண்ணி, "ரெண்டு நாளா ஆராய்ச்சி" என்கிறாள். விழுந்து விழுந்து சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டி, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறோம். வெட்கப்படாமல் சொல்ல ஒரு வார்த்தையை எங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார் அத்தை. அது அவருக்கு ஒரு மூன்று மாதம் முன்னால் கிடைத்திருக்கக் கூடாதா?