அன்னக்கழுத்தின் வீட்டுக்காரர்

“கையை நீட்டுங்க,” என்றாள் பல் டாக்டர். கார் அப்போதுதான் கேப்டன் வீட்டு வாசலில் நின்றிருந்தது.

“எதுக்கு?”

“நீட்டுங்கன்னா நீட்டுங்க.”

கணவர் நீட்டினார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கடையிலும் சரி, வீட்டிலும் சரி, காரணம் கேட்டுக்கொண்டு காரியம் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அவள் தன் வாட்சைக் கழற்றி அவர் மணிக்கட்டில் கட்டினாள்.

ஜெர்மனியில் செய்த வாட்ச். கைக்கு வந்து ஒன்பதே நாள் ஆகிறது. ஆண்கள் கைக்கு அளவெடுத்த தோல் பட்டை. அவளுடைய ஒல்லிக் கையில் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் நிற்காமல், வளையல் மாதிரி முழங்கைக்கும் விரலுக்குமாக ஓடியது. காரிலிருந்து இறங்கும்போது நழுவிச் சிமென்டுத் தரையில் விழுந்து தொலைத்தால்?

“உள்ள போனதும் கழட்டிக் குடுத்துடணும். எதுலயும் இடிச்சுக்காதீங்க.”

“சரி, சரி.”

அந்த ரெண்டு நிமிஷ யோசனைதான் அன்றைய அத்தனை வினைக்கும் வித்து.

சாவி கொடுத்து ஓட்டும் வாட்சுகள்மேல் பைத்தியம் பிடித்தவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் புனைபெயர். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. அவளுடைய பெயர் ‘அன்னக்கழுத்து’. ஜெர்மன் வாட்சுக்குள்ளே வேகத்தைச் சீர்செய்ய அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அதன் அழகில் மயங்கி வைத்துக்கொண்ட பெயர். பதினாலு மாதமாக, பகலெல்லாம் சொத்தைப் பல் தோண்டிவிட்டு, சாயங்காலம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அன்னக்கழுத்து சொன்னால் குரூப்பில் மறுபேச்சு கிடையாது.

இன்றைக்குத்தான் முதல் நேர்ச் சந்திப்பு. இன்னொரு விசேஷமும் இருந்தது. ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டறை புதிதாக ஒரு வாட்ச் இயந்திரம் செய்திருக்கிறது. அதைக் கழற்றி மாட்டுவதைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க, குரூப்பிலிருந்து ஒருவருக்கு மட்டும் அழைப்பு. யாருக்கு என்று கேப்டன் இன்று சொல்வார். மூன்று நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

கதவு திறந்தது. ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன், குரூப்பின் தலைவர். அவர் கண் முதலில் முகத்துக்குப் போகவில்லை, மணிக்கட்டுக்குப் போனது. அன்னக்கழுத்து குரூப்பில் படம் போட்டிருந்த அதே வாட்ச்.

“அன்னக்கழுத்து!” என்று கத்தியபடி டைல்ஸ்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“சார், அன்னக்கழுத்து நான்,” என்றாள் அவள்.

“அதுக்கென்னம்மா, புருஷன் வேற பொண்டாட்டி வேறயா? லேடீஸ் எல்லாம் உள் ரூம்ல இருக்காங்க. நீங்களும் போய் அரட்டை அடிங்க.”

“நான் அரட்டை அடிக்க வரலை.”

“வெக்கப்படாதீங்கம்மா.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. உள் ரூமுக்குப் போகாமல் கணவர் பக்கத்தில் சோபாவில் சட்டமாக உட்கார்ந்தாள். எதிரே, கேப்டன் நீங்கலாக ஆறு ஆண்கள். ஆளுக்கொரு வாட்ச். அத்தனை பேரும் டைல்ஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கழட்டிக் குடுங்க,” என்று பல்லிடுக்கில் சொன்னாள்.

குடுப்பதற்குள் ஒரு வக்கீல் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், ஒரே ஒரு சந்தேகம். உள்ள மெஷினை மூடியிருக்கே, இந்த முக்கால் தகட்டுக்கு ஏன் பூச்சே போடலை?”

கணவர் மனைவியைப் பார்த்தார். ‘வாயைத் திறக்காதீங்க’ என்று அவள் கண்ணால் சொன்னாள். அவரும் திறக்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

“ஞானி சார் நீங்க,” என்றார் வக்கீல், குரலைத் தாழ்த்தி.

“அது ஜெர்மன் சில்வர்,” என்றாள் அவள். “பூச்சு போட்டா வந்த நிறத்துலயே நின்னுடும். சும்மா விட்டா வருஷம் போகப்போக லேசா தேன் நிறத்துக்கு வரும். ஆனா செய்யறப்ப விரல் பட்டாக்கூடக் கறை. அதனாலதான் பூச்சில்லாம விடறதுக்கு ஒரு தைரியம் வேணும்.”

வக்கீல் பிரமித்துப் போய் டைல்ஸ்காரர் பக்கம் திரும்பினார். “வீட்டுல எவ்ளோ நல்லாச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க!”

அவள் பல்லை நறநறவென்று கடித்தாள். பல்லைக் கடிக்காதீர்கள், தேய்ந்துவிடும் என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிற வாய்.

மௌனம்தானே வினையாகிறது? அப்படியானால் பேசட்டும். பேசினால் இரண்டு நிமிஷத்தில் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். கணவர் காதில் கிசுகிசுத்தாள். “பேசுங்க. மனசுல பட்டதைப் பேசுங்க.”

கேப்டன் பூதக்கண்ணாடியை நீட்டினார். கணவர் வாட்சைத் திருப்பி, பின்பக்கக் கண்ணாடி வழியாக, உள்ளே பதித்திருந்த சின்னச் சிவப்புக் கற்களை வெகுநேரம் பார்த்தார்.

“ஜாயின்ட்டே தெரியலை. கல்லு பதிச்சவன் கை சுத்தமான கை,” என்றார். “நாங்களா இருந்தா நடுவுல ஒரு கோடு விட்டிருப்போம்.”

எல்லோரும் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

“நீங்களே கல்லு பதிப்பீங்களா சார்?” என்றார் கேப்டன்.

“நான் பதிக்கறதில்லை. நாலு ஆள் வெச்சிருக்கேன்.”

ஆறு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்தக் கல்லு பதிச்சாலும் தண்ணி இறங்காம பாக்கணும்,” என்றார் டைல்ஸ்காரர், பழக்கமான பேச்சு கிடைத்த தெம்பில். “தண்ணி இறங்கிடுச்சுன்னா மொத்தத்தையும் பேத்துதான் எடுக்கணும்.”

“வாட்டர் ரெசிஸ்டன்ஸ்!” என்று வக்கீல் மற்றவர்களுக்கு விளக்கினார். ஒருவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

“அவர் பாத்ரூமைச் சொல்றாரு!” என்று டாக்டர் கத்தினாள்.

“வலது பக்கம், ரெண்டாவது கதவும்மா,” என்றார் கேப்டன்.

அதற்குமேல் பொறுக்க அவள் பூமாதேவி அல்ல. எழுந்தாள். கணவர் கையிலிருந்த வாட்சை வெடுக்கென்று கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். “இது என் வாட்ச். நான் சம்பாதிச்சு வாங்கினது. தினம் காலையில சாவி குடுக்கறது நான். ஒரு நாளைக்கு ரெண்டு செகண்ட் முன்னால ஓடுதுன்னு எழுதி வெச்சிருக்கறதும் நான்!”

ஓங்கிய கையில் பட்டை நழுவியது. வாட்ச் சர்ரென்று முழங்கை வரை ஓடி நின்றது. ஆறு பேரும் ‘ஐயோ’ என்று பாய்ந்து, கீழே ஆறு ஜோடிக் கைகளை ஏந்தினார்கள்.

“பட்டை பொருந்தலையே மேடம்,” என்றார் வக்கீல் பரிவோடு. கேப்டன் டைல்ஸ்காரர் தோளில் தட்டினார். “பொண்டாட்டி ஆசைப்பட்டா இதையே விளையாடக் குடுக்கறீங்களே. எனக்கெல்லாம் அந்த மனசு வராது சார்.”

டைல்ஸ்காரருக்கே இப்போது வியர்த்துவிட்டது. இருபது வருஷக் குடித்தனத்தில் மனைவியின் மூக்கு நுனி இந்த அளவு சிவந்து அவர் பார்த்ததில்லை. எழுந்து நின்று, ரெண்டு கையையும் கூப்பினார்.

“ஐயா, எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு வாட்சைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. போன்ல மணி பாக்கற ஆளு நான். எழுதறது, படிக்கறது, வாங்கினது எல்லாம் இவதான். சத்தியமாச் சொல்றேன்.”

அப்பாடா என்று டாக்டர் மூச்சு விட்டாள்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இவ்ளோ தெரிஞ்சும் ‘தெரியாது’ன்னு சொல்றாரே... நாம எல்லாம் என்ன ஆட்டம் ஆடறோம்!”

கைத்தட்டல் எழுந்தது. அதே சூட்டில் கேப்டன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். “பட்டறையில் புதிய இயந்திரத்தைப் பார்வையிட, நம் குரூப்பின் சார்பில் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்... அன்னக்கழுத்து!” படித்து முடித்துத் தாளை டைல்ஸ்காரர் கையில் திணித்தார்.

“எனக்குக் குளிர் ஒத்துக்காதே,” என்றார் அவர், பரிதாபமாக.

பதினாலு மாதம். எத்தனை சாயங்காலம்! ஆறிப்போன சாப்பாடு, பிசகின கழுத்து, அந்த இயந்திரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எரிந்த கண். அத்தனையும் ஒரு தாளாகி, கூரையைப் பார்த்தே ஞானியான மனுஷனின் கையில் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“ஒருத்தராவது என் கிளினிக்குக்கு வாங்க,” என்றாள். “ஊசி போடாம புடுங்கறேன். அத்தனை பேருக்கும்!”

“என்ன சொல்றாங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“சிரிச்சுப் பேசற சுபாவம்,” என்றார் வக்கீல்.

கணவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டாள். வாசலுக்குப் போகத்தான் திரும்பினாள். ஆனால் வாசலை மறைத்துக்கொண்டு ஆறு பேரும் டைல்ஸ்காரரோடு படம் எடுக்க வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களைத் தள்ளிவிட்டு நடப்பதைவிட முகத்தில் தண்ணி அடித்துக்கொள்வது மேல். கிடைத்த கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

அது உள் ரூம்.

நீள மேஜையைச் சுற்றி ஏழு பெண்கள். மேஜைமேல் வெள்ளைத் துணி. துணியின்மேல் இடுக்கிகள், கழற்றிப் பிரித்த ஒரு வாட்ச், கண்ணாடிக் கூட்டுக்குள் மின்னும் நீலத் திருகுகள். கேப்டனின் மனைவி மட்டும் தலை நிமிர்த்தினாள். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி செருகியிருந்தது.

“கோவமா வந்தீங்களா? கொஞ்ச நேரம் முன்னால நாங்களும் ஒவ்வொருத்தரா இப்படித்தான் வந்தோம்,” என்றாள் அவள். “வெளிய இருக்கற ஒருத்தருக்கும் வாட்சுக்குச் சாவி குடுக்கக்கூடத் தெரியாது, குரூப்ல எழுதறது பூரா நாங்கதான். கதவைச் சாத்திட்டு வாங்க, அன்னக்கழுத்து.”