பகலில் நீந்தாத சுறா

மேடையில் சுறா அசையாமல் படுத்திருந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஸ்ரீராம்புரம் பள்ளிக்கூட அரங்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"ஏனாய்த்து? என்னாச்சு? கொழந்த மயக்கம் போட்டுடுச்சா?" என்று முன்வரிசை அம்மாள் ஒருத்தி எழுந்தே விட்டாள்.

மூன்றாவது வரிசையில் ஸ்ரீகண்டன் மட்டும் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். நூலளவு பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். போன வருஷ மாறுவேடப் போட்டியில் ஒன்றும் கிடைக்காமல் மகள் தர்ஷினி அழுதாள். இந்த வருஷம் முதல் பரிசு வாங்கித் தந்தே தீருவது என்று நூலகத்துக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, வெண்முனைச் சுறாவைப் பிடித்தார். முகம் மூடும் சாம்பல் உடை. முதுகுத் துடுப்பு, வால் இரண்டின் நுனியிலும் வெள்ளை. "எனக்குச் சுறா வேணாம்பா" என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

பிரிஜெட் மிஸ் தண்ணீர்ச் சொம்போடு மேடைக்கு ஓடினாள். ஸ்ரீகண்டன் அவளை முந்திக்கொண்டு ஏறினார்.

"தொடாதீங்க மிஸ்! அது அப்படித்தான் படுத்துக்கும்!"

"எதுக்கு சார்?"

எல்லோருக்கும் விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று மைக்கைப் பிடித்தார்.

"இது வெப்பக் கடல்ல, பவளப்பாறையில இருக்கிற சுறா. சில சுறாவெல்லாம் நீந்திக்கிட்டே இருந்தாதான் மூச்சு விட முடியும். இது படுத்த இடத்துலயே வாயால தண்ணிய இழுத்து செவுள் வழியா விட்டுடும். பகல் பூரா குகையில ஓய்வு. ராத்திரிதான் வேட்டை!"

பேச்சு எட்டு நிமிஷம் ஓடியது. அடுத்து ஆட வேண்டிய பட்டாம்பூச்சி, முகமூடியோடு மேடையேறி அவர் சட்டையை இழுத்தது.

"கொஞ்சம் ஓரமா நில்லும்மா. பெரியவங்க பேசறோம்ல?"

ஜனங்கள் நம்புவதாயில்லை. வேட்டையையே காட்டிவிடலாம் என்று சுவிட்சை அணைத்தார். அது மெயின் சுவிட்ச். விளக்கு, விசிறி, மைக் எல்லாம் போயிற்று.

"ராத்திரி ஆயிடுச்சு! ஒரு வாரமா பழகினோமே, நீந்து!" என்று இருட்டில் கத்தினார். நாலைந்து குழந்தைகள் வீறிட்டன. விளக்கு வந்தபோது சுறா படுத்த மேனிக்கே கிடந்தது.

"டைம் முடிஞ்சிடுச்சு சார்," என்றாள் பிரிஜெட் மிஸ். மீதிப் பேருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. முதல் பரிசு ஒரு கத்தரிக்காய்க்குப் போயிற்று.

கூட்டம் கலைந்தது. குழந்தை வருஷத்தில் ஒரு நாள் மேடையேறுகிறாள். அதையும் தானே பிடுங்கிக்கொண்டோமே என்று வெட்கிப்போய், ஸ்ரீகண்டன் சுறாவின் பக்கத்தில் மண்டியிட்டார்.

"தப்பு அப்பாவோடதுதான்டா கண்ணு. அடுத்த வருஷம் நீ ஆசப்படற வேஷமே போடலாம். எழுந்திரும்மா."

சுறா எழுந்து தலையுறையைக் கழற்றியது. உள்ளே இருந்தது பக்கத்து வீட்டு ஜோவிதா.

"அங்கிள், நாங்க டிரெஸ்ஸ மாத்திக்கிட்டோம். நீங்க ஓரமா நிக்கச் சொன்னீங்கல்ல, அதுதான் தர்ஷினி."