ஒசாகாவில் விலைபோன என் உயிர்

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் நான் கைதேர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா, கல்யாணமான புதிதில் மாமியார் சொன்ன சாம்பார்ப் பொடி அளவு, பிறகு அபார்ட்மென்ட் மீட்டிங்கில் தெலுங்கில் நிறைவேறிய தீர்மானங்கள் (எதற்கோ சம்மதித்திருக்கிறேன், எதற்கு என்று இன்றுவரை தெரியாது) என்று படிப்படியாக முன்னேறி, நாற்பத்திரண்டாம் வயதில் ஒரே நேரத்தில் மூன்று நாடுகளுக்குத் தலையாட்டும் நிலையை எட்டினேன்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்குக் கையேடு எழுதுவது என் வேலை. மிஷின் வாங்கினால் கூடவே ஒரு புத்தகம் வருமே, யாரும் பிரிக்காமல் டிராயரில் போட்டு மூடுவார்களே, அதுதான். ஆனால் அந்த முறை வந்தது குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர். பெரிய டாக்டர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஆஸ்பத்திரிகளுக்கென்றே செய்தது. இந்தப் புத்தகத்தை நர்ஸுகள் நிஜமாகவே பிரிப்பார்கள். படித்தபடியே செய்வார்கள்.

என்னோடு சேர்த்து நான்கு பேர். பின்லாந்தில் ஐனோ, வார்மரை வடிவமைத்த இன்ஜினியர், குழுவுக்குத் தலைவி. ஒசாகாவில் மொரிதா, கையேட்டைச் சோதித்து ஒப்புதல் தருபவர். பிரேசிலில் லூசியா, பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ், எங்களுக்கு ஆலோசகர். முதல் மீட்டிங்கில் திரையைப் பார்க்கிறேன். ஐனோவின் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. லூசியா தூக்கக் கலக்கத்தோடு காலைக் காபியை உறிஞ்சுகிறாள். மொரிதாவுக்குப் பின்னால் இருட்டிவிட்டது. எனக்கு மதியம் மூன்றரை, கீழே கொத்தமல்லிக்காரர் கூவுகிறார். ஒரே நிமிஷம் நான்கு வேளையாக இருப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில், ஐனோ சொன்ன முக்கியமான விஷயத்தைக் கோட்டை விட்டேன்.

அவர் சொன்னது இதுதான். மீட்டிங்கில் எல்லாரும் மனம்விட்டுப் பேச முடியாது, ஆங்கிலம் யாருக்கும் தாய்மொழி இல்லை. அதனால் நால்வருக்கும் பொதுவாக ஒரு வலைப்பதிவு. ஆளுக்கொரு பக்கம். எந்த மொழியிலும் எழுதலாம். படிப்பவர் ஒரு பொத்தானை அமுக்கினால் அவரவர் மொழியில் தெரியும். இதில் என் காதில் விழுந்தது 'ஆளுக்கொரு பக்கம்' மட்டும். என் பக்கம் என்றால் என் பீரோ மாதிரி, வேறு யாரும் திறக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மிச்சத்துக்குத் தலையாட்டினேன்.

முதல் ஒரு மாதம் அந்த வலைப்பதிவைப் போல மரியாதையான இடத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பொதுப் பக்கத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில், "இன்று பணி நன்றாக நடந்தது, அனைவருக்கும் நன்றி" என்று எழுதினோம். நன்றாக நடக்கவில்லை. ஏழாவது படியில் சிக்கிக்கொண்டிருந்தோம். சூடு அளவுக்கு மீறி அலாரம் அடித்தால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் படி அது. வாசகம் ஐனோ எழுதித் தந்தது. அதற்கு நான் போட்ட படத்தை மொரிதா திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே வரி: "தயவுசெய்து இன்னொரு முறை பார்க்கவும்." என்ன தப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோட்டைக் கொஞ்சம் தடித்தும், அம்புக்குறியைக் கொஞ்சம் நகர்த்தியும் அனுப்பினேன்.

எட்டாவது முறையும் படம் திரும்பி வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. 'என் பக்க'த்தைத் திறந்து தமிழில் கொட்டித் தீர்த்தேன். மொரிதா என் உயிரை வாங்குகிறார் என்று எழுதினேன். ஐனோவிடம் ஒன்று கேட்டால் அரை நிமிஷம் பதில் இல்லை, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எழுதினேன். லூசியா பேசியே ஆளைக் கொல்கிறாள் என்றும் எழுதினேன். கடைசியில், ஏழாவது படி சத்தியமாக எனக்கு விளங்கவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டிவைத்தேன் என்று முடித்தேன். மனசு லேசாகி, பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, ப்ராஜெக்டுக்குப் படம் தேட என் லேப்டாப்பை எடுத்தாள் மகள் ஹரிணி. பத்தாம் வகுப்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், அதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, இதி அந்தரூ சூஸாரு," என்றாள். எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். பார்த்தது மட்டுமில்லை, பதிலும் எழுதியிருந்தார்கள். ஹரிணி ஒரு பொத்தானை அமுக்கினாள். மூன்று பதிலும் தமிழாகி வந்து நின்றன.

"என் வாயில் கொழுக்கட்டை இல்லை. எங்கள் ஊரில் யோசிக்கும்போது பேச மாட்டோம்," இது ஐனோ.

"நான் நர்ஸ். இதுவரை யாரையும் கொன்றதில்லை," இது லூசியா.

மொரிதாவுடையதுதான் நீளம். "ரேவதி அவர்களுக்கு. உங்கள் உயிரை வாங்கும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. தவறுதலாக வாங்கியிருந்தால், திருப்பி ஒப்படைக்கும் முறையைத் தயவுசெய்து தெரிவிக்கவும்."

லேப்டாப்பை மூடிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தேன். ராஜினாமாக் கடிதம் எழுதப்போவதாகக் கணவரிடம் சொன்னேன். அவர் இதே ஊர் மாரெட்பள்ளியில் பிறந்து வளர்ந்தவர், எதற்கும் பதற மாட்டார். "நக்கோ, வேணாம். கடிதமெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல என்னைப் பத்தி அதுல ஏதும் எழுதியிருக்கியான்னு சொல்லு," என்றார். (ஒரு வரி இருந்தது. சொல்லவில்லை.)

மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்ப லேப்டாப்பைத் திறந்தபோது, மொரிதா இன்னொன்று எழுதியிருந்தார். ஏழாவது படி அவருக்கும் விளங்கவில்லையாம். குழுவின் தலைவி எழுதியதை எல்லார் முன்னாலும் தவறு என்று சொல்வது முறையாகாது. அதனால்தான் படத்தை எட்டு முறை திருப்பி அனுப்பினாராம், ஒரு முறையாவது நான் ஏன் என்று கேட்பேன் என்று.

நான் அதை மூன்று தடவை படித்தேன். எட்டு முறையும் அந்த மனிதர் என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கோட்டைத் தடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐனோ உடனே எல்லாரையும் ஒன்று கேட்டார். அலாரம் அடிக்கும்போது ஏழாவது படியில் வரும் மஞ்சள் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும்? அவரவர் மொழியில், மற்றவர் பதிலைப் பார்க்காமல் எழுதுங்கள். சத்தம் மட்டும் நிற்கும், சூடு நிற்காது என்று ஊகமாக மொரிதா எழுதினார். தெரியாது என்று நான் எழுதினேன் (வாழ்க்கையில் முதல் முறை). சூடும் நின்றுவிடும் என்று லூசியா எழுதினாள். "அமுக்கிவிட்டு அடுத்த குழந்தையிடம் போயிருப்பேன்," என்று சேர்த்திருந்தாள்.

சூடு நிற்காது. மொரிதா சொன்னதுதான் சரி.

'பேசியே ஆளைக் கொல்கிற' லூசியாவின் பதிலை மறுபடி படித்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுடைய வார்டு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளங்கை அகலக் குழந்தை ஒன்று வார்மர் விளக்கடியில் படுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு பேர், நான்கு மொழி, அத்தனை படிப்பு, ஒரு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டியிருக்கிறோம். அதை உடைத்தது ஒரு பெண் பொறுமையிழந்து ஏசியது. அந்த ஏச்சும் கடல் தாண்டிப் போய் ஜப்பானிய மொழியாகி, கோபப்படக்கூடத் தெரியாத ஒரு நல்ல மனிதரைத் தொட்டிருக்கிறது. இன்று நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

ஏழாவது படியைக் கிழித்துப்போட்டு இரண்டே வரியில் புதிதாக எழுதினோம். பொத்தானுக்குப் பக்கத்தில் 'சத்தம் மட்டும்' என்று அச்சடிக்க ஐனோ ஏற்பாடு செய்தார். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, வாரம் ஒரு முறை அவரவர் பக்கத்தில் 'எனக்குப் புரியாதது' என்று தலைப்பிட்டு எழுத வேண்டும் என்று வழக்கம் வந்தது. முதல் வாரம் அதிகமாக எழுதியவள் நான். ஐனோவின் கொழுக்கட்டைச் சந்தேகத்துக்குப் படத்தோடு செய்முறை போட்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து மொரிதா தம் பக்கத்தில், பொத்தான் எதையும் அமுக்காமல், தாமே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டு மூன்று வரி தமிழில் எழுதினார். நான் அனுப்ப வேண்டிய அத்தியாயம் நான்கு நாளாக வரவில்லை, அதைப் பற்றி.

"வணக்கம். ரேவதி தாமதம். நான் பொறுமை."

இலக்கணத்தில் தப்பு சொல்லலாம், விஷயத்தில் சொல்ல முடியாது. கணவர் அதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். இப்போது எங்கே கிளம்பினாலும், ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கீழிருந்து அவர் இதைச் சத்தமாகச் சொல்வார். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மாவுக்குக்கூட மனப்பாடம். ஹரிணியோ எனக்கு முன்பே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறாள். பதினைந்து வருடம் முயன்றும் என்னால் அவளைத் தமிழில் பதில் சொல்ல வைக்க முடியவில்லை. ஒசாகாக்காரர் மூன்று வரியில் பேச வைத்துவிட்டார்.