ஏணிக்காரர் வண்டியின் இடதுபக்க இழுப்பு

"இடதுபக்கம் இழுக்குது," என்றார் ஏணிக்காரர், மெக்கானிக் கடை வாசலில் பிக்கப் வண்டியிலிருந்து ஏணி வைத்து இறங்கியபடி.

மனைவி இறந்த பிறகு பொழுது நகராமல், அந்தப் பழைய வண்டியை ஒரு முழம் உயர்த்திக் கட்டியிருந்தார். அன்றிலிருந்து ஏறவும் இறங்கவும் ஏணி. தெருவில் அதுவே பெயராகிவிட்டது.

மெக்கானிக் வண்டிக்கடியில் நுழைந்தார். "உயரத்தைக் கூட்டிட்டு ஸ்டீயரிங் கம்பியை அப்படியே விட்டா அது சும்மா இருக்குமா சார்? உட்காருங்க, பார்த்துடலாம்."

பார்த்தார். இப்போது வண்டி நேராக ஓடியது. ஸ்டீயரிங்தான் கோணலாக நின்றது.

"நேர் ரோட்டுல போறப்பவும் திரும்புற மாதிரியே இருக்குய்யா."

"அதுக்கென்ன, நிமிர்த்திடுவோம்."

ஸ்டீயரிங் நிமிர்ந்தது. வண்டி வலதுபக்கம் இழுத்தது.

அச்சின் சாய்வைச் சரிக்கட்ட மெக்கானிக் ஆப்பு வைத்தார். அது நிஜமாகவே ஆப்பாகிவிட்டது. வேகம் பிடித்ததும் வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியதில் ஏணிக்காரரின் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

"பல்லு கழண்டுடுச்சுய்யா!"

"பல்லு ரிப்பேர் நான் பார்க்கிறதில்ல சார்."

இருவரும் சிரித்தார்கள். கவிழ்த்துப் போட்ட டயர்களில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். தான் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று ஏணிக்காரருக்கே ஞாபகமில்லை.

கடைசியில் ஒருநாள் வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது.

"இனிமே தொந்தரவில்ல சார்," என்றார் மெக்கானிக். எப்போதோ சுத்தமாகிவிட்ட கையை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா... தொந்தரவில்ல."

வீடு வந்ததும் ஏணிக்காரர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே போனால் கடிகாரம் மட்டும்தான் பேசும். மறுநாள் கடைக்குப் போக ஒரு சாக்கு தேடினார். கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு காலையில், தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, வண்டிக்கடியில் முனகிக்கொண்டே ஊர்ந்தார். நட்டைத் தளர்த்தினார், கம்பியை ஒரு சுற்று திருகினார், மறுபடி இறுக்கினார். வண்டி அழகாக இடதுபக்கம் இழுத்தது. சீட்டியடித்துக்கொண்டே கடைக்கு ஓட்டினார்.

கடை பூட்டிக் கிடந்தது.

"எங்கேம்மா போயிட்டாரு?" என்று பக்கத்துக் கடை பஞ்சர்காரம்மாவிடம் கேட்டார்.

"உங்க வீட்டுக்குத்தான் சார்! 'வண்டி நேரா ஓடுனா அந்த மனுஷன் எதுக்கு இங்க வரப் போறாரு'ன்னு ரெண்டு நாளா ஒரே புலம்பல். யாரும் பார்க்காதப்ப கொஞ்சம் திருகி விட்டுட்டு வந்துடறேன்னு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இப்பத்தான் கிளம்பினாரு."